அரிசி இருந்தும் பட்டினி: பஞ்சம் எப்படித்தான் வருகிறது?

பஞ்சம் என்றதும் நம் மனசில் ஓடும் படம் ஒன்றுதான். வெடித்த வயல், வற்றிய ஏரி, எலும்பு தெரியும் மாடு. மழை பொய்த்தது, விளையவில்லை, மக்கள் செத்தார்கள், கதை முடிந்தது. பள்ளிப் பாடத்தில் படித்ததும் இதுதான், வாட்ஸப்பில் சுற்றுவதும் இதுதான். கூடவே ஒரு வாலும் வரும்: "ஜனத்தொகை இப்படியே பெருகினால் சோற்றுக்கு எங்கே போவது?" இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கணக்கு. மொத்தத் தானியத்தை மொத்த வாய்களால் வகுக்க வேண்டியது, வருகிற விடை போதுமானதாக இருந்தால் பஞ்சம் இல்லை, குறைந்தால் பஞ்சம்.

இந்த வகுத்தல் கணக்கில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் யார் சாவார்கள் என்பதை அது சொல்லாது. எந்தப் பஞ்சத்திலும் நாடு முழுக்கப் பட்டினி கிடந்ததில்லை. ஒரே ஊரில், ஒரே மழையில், ஒரு தெருவில் அடுப்பு எரியும், அடுத்த தெருவில் பிணம் விழும். இந்த வித்தியாசத்தை விளக்கத்தான் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1981-இல் 'வறுமையும் பஞ்சங்களும்' என்ற நூலை எழுதினார். அதன் பின்னிணைப்பைப் புரட்டினால் கணிதக் குறியீடுகள் மிரட்டும், அதனாலேயே பலர் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மையக் கருத்து அவ்வளவு கடினமில்லை. அதை மட்டும் பார்ப்போம்.

தீபாவளிக்கு முந்தின ராத்திரி

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குத் தினமும் ஓடும் பேருந்துகள் நூறு என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நாளில் ஆம்னி பஸ் டிக்கெட் 900 ரூபாய். தீபாவளிக்கு முந்தின நாளும் அதே நூறு பஸ், ஏன், பத்து அதிகமாகவே ஓடட்டும். ஆனால் டிக்கெட் 2,800 ரூபாய்க்குப் போய்விட்டது, ஏனென்றால் ஊருக்குப் போகிறவர்களில் நிறையப் பேர் கையில் அன்றைக்குப் போனஸ் இருக்கிறது. இப்போது ஒரு சின்ன ஓட்டலில் பரோட்டா மாஸ்டராக இருப்பவரை நினைத்துப் பாருங்கள். அவருக்குப் போனஸ் கிடையாது. சம்பளத்திலும் யாரும் ஒரு ரூபாய் பிடிக்கவில்லை. பஸ்ஸும் குறையவில்லை, அவர் சீட்டை யாரும் பிடுங்கவும் இல்லை. ஆனாலும் அவர் ஊருக்குப் போக முடியாது, பையோடு பேருந்து நிலையத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.

எத்தனை பஸ் ஓடியது என்று அதிகாரி எண்ணிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். போன வருஷத்தைவிட பத்து கூடுதல் என்று அறிக்கைகூட விடலாம். அந்த எண்ணிக்கை பொய் இல்லை, மாஸ்டரின் நிலைமைக்கும் அதற்கும் சம்பந்தம்தான் இல்லை. அவரை வெளியே தள்ளியது அடுத்தவர் கையில் கூடிய காசு.

இவ்வளவு பிடிபட்டால் பாதி விஷயம் முடிந்தது. பொருள் இருப்பது வேறு, அது என் கைக்கு வருவது வேறு. பொருள் குறையாமலே ஒருவர் கையிலிருந்து அது நழுவிப் போகலாம்.

சோறு தட்டுக்கு வரும் வழிகள்

ஒரு குடும்பத்துக்கு அரிசி எப்படியெல்லாம் வருகிறது? சொந்த வயலில் விளையலாம். கூலி வேலைக்குப் போய், வந்த காசில் வாங்கலாம். மீனோ பாலோ பானையோ விற்று வாங்கலாம். இல்லையென்றால் யாராவது கொடுக்க வேண்டும், அது சொந்தக்காரராக இருக்கலாம், கோயிலாக இருக்கலாம், அரசாக இருக்கலாம். இதைத் தாண்டினால் திருட்டுதான்.

இங்கே மூன்று சொற்கள் தேவைப்படுகின்றன. ஒரு குடும்பத்தின் வசம் இருப்பதெல்லாம் அதன் கைமுதல்: நிலம், மாடு, வலை, தறி, எதுவுமே இல்லாதவருக்குத் தன் உடல் உழைப்பு. அந்தக் கைமுதலைக் கொடுத்தால் எவ்வளவு உணவு கிடைக்கும் என்பது மாற்று விகிதம், அதாவது ஒரு நாள் கூலிக்கு எத்தனை படி அரிசி, ஒரு கூடை மீனுக்கு எத்தனை படி என்பது போல. இந்த இரண்டையும் வைத்து, நாட்டின் சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் உட்பட்டு, அந்தக் குடும்பம் பெறக்கூடிய எல்லாவற்றையும் சேர்த்து உரிமைப்பாடு என்கிறோம். மேடையில் முழங்கும் உரிமை இல்லை இது. "உணவு எல்லோரின் உரிமை" என்று சென் சொன்னதாக நினைத்துக்கொண்டு பேசுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல வாசகம்தான், ஆனால் இந்த நூலில் அவர் செய்வது அதற்கு நேர் எதிரான, ஈரமில்லாத வேலை: இருக்கிற சட்டத்தின்படி இன்றைக்கு இவருக்கு எவ்வளவு கிடைக்கும் என்று எண்ணிப் பார்க்கிறார். கடையில் மூட்டை அடுக்கியிருக்கும், வாசலில் ஆள் பசியில் விழுவார், அந்த மூட்டையை அவர் தொட்டால் போலீஸ் பிடிக்கும். பட்டினிச் சாவுகளில் பெரும்பாலானவை சட்டம் ஒழுங்காக அமலில் இருக்கும்போதுதான் நடந்திருக்கின்றன.

அப்படியானால் ஒருவர் பட்டினிக்குள் விழ இரண்டு வாசல் உண்டு. கைமுதல் போய்விடலாம்: மாடு செத்தது, படகு பறிபோனது, வேலை நின்றது. அல்லது கைமுதல் அப்படியே இருக்க, மாற்று விகிதம் கவிழலாம். பரோட்டா மாஸ்டருக்கு நடந்தது இரண்டாவது. நிஜப் பஞ்சங்களில் இரண்டும் கைகோத்து வரும்.

வங்காளம், 1943

சென் சாந்திநிகேதனில் ஒன்பது வயதுப் பையனாக இருந்தபோது கண்ணால் பார்த்த பஞ்சம் இது. செத்தவர்கள் பதினைந்து லட்சம் என்றது 1945-இல் வந்த அரசு விசாரணைக் குழு அறிக்கை, பிற்காலக் கணக்குகள் முப்பது லட்சம் வரை போகின்றன.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் நமக்குத் தெரிந்தவை. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்து பர்மா அரிசி நின்றது. அதே வருஷம் அக்டோபரில் மேதினிப்பூர்க் கரையைப் புயல் தாக்கியது. பயிரில் நோயும் வந்தது. எல்லாம் உண்மை. ஆனால் சென் கணக்கைப் பிரித்துப் போட்டுப் பார்த்தபோது, 1943-இல் வங்காளத்தில் இருந்த அரிசி முந்தைய ஐந்து வருஷச் சராசரியைவிட 5 சதவீதம் போலத்தான் குறைவு, 1941-ஐவிட 13 சதவீதம் அதிகம். 1941-இல் பஞ்சம் இல்லை. அப்புறம் 1943-இல் மட்டும் ஏன்?

விலையைப் பாருங்கள். கல்கத்தா மொத்த விலையில் ஒரு மணங்கு அரிசி (வங்காள மணங்கு, ஏறக்குறைய 37 கிலோ, நம்மூர் மணங்கு இல்லை) 1942 டிசம்பரில் 13, 14 ரூபாய். மார்ச்சில் 21. மே மாதம் 30-ஐத் தாண்டியது. ஆகஸ்டில் 37. அக்டோபரில் டாக்காவில் 105 வரை போனது. அரிசி 5 சதவீதம் குறைந்ததற்கு விலை இப்படியா ஏறும்? ஏறியதற்குக் காரணம் போர்ச் செலவு. பர்மா எல்லையில் போர் நடந்ததால் கல்கத்தா ராணுவத் தளம் ஆகிவிட்டது. விமானத் தளம் கட்டினார்கள், தொழிற்சாலைகள் இரவு பகலாக ஓடின, அரசு நோட்டை அடித்துச் செலவழித்தது. நகரத்தில் போனஸ் இறங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது போதாதென்று, முக்கியத் தொழில்களில் இருந்த ஊழியர்களுக்கு அரிசியைச் சகாய விலையில் கொடுக்கவும் ஏற்பாடு, அதற்காக அரசும் நிறுவனங்களும் கிராமத்துச் சந்தையில் இறங்கி என்ன விலை ஆனாலும் வாங்கின. இன்னும் ஏறும் என்று தெரிந்த வியாபாரி பதுக்கினார்.

கிராமத்து நிலமற்ற கூலிக்கு இதெல்லாம் என்ன செய்தது? விலை 14-லிருந்து 37 ஆகி, கூலி நின்ற இடத்தில் நின்றால், முன்பு வாங்கிய அரிசியில் ஐந்தில் இரண்டு பங்குகூட வராது. அவருக்கு ஏற்கெனவே அரை வயிறுதான்.

அடுத்து மீனவர். ஜப்பான்காரன் வந்தால் அவன் கையில் படகு கிடைக்கக் கூடாதென்று, கடலோர மாவட்டங்களில் பத்துப் பேருக்கு மேல் ஏற்றும் படகுகளை அரசு பறிமுதல் செய்தது, சிலவற்றை உடைத்தது. கைமுதல் போயிற்று. மிச்சமிருந்தவர் மீன் பிடித்து வந்தாலும், அரிசிக்கே திண்டாடும் ஊரில் மீன் யார் வாங்குவார்? மீன் விலை அரிசிக்கு ஈடாக ஏறவில்லை.

நாவிதரின் கதை எனக்கு எப்போதும் எல்லாவற்றையும் விடத் தெளிவாக இருக்கிறது. அவர் கத்தி, கத்தரி, கைத்திறன் எதுவும் போகவில்லை, வயலோடு அவருக்கு நேரடித் தொடர்பே இல்லை. ஆனால் கையில் காசு குறைந்த ஊரில் எல்லோரும் முதலில் தள்ளிப்போடுவது முடிவெட்டைத்தான். வாடிக்கையாளர் குறைந்தார்கள், கூலி விழுந்தது, அரிசி மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஒரு முடிவெட்டுக்கு இவ்வளவு அரிசி என்ற மாற்று விகிதம் அடியோடு சரிந்தது.

அதே ஊரில் வாரத்துக்கு உழுதவர்கள், அதாவது விளைச்சலில் பங்கு வாங்கும் குத்தகையாளர்கள், கூலிக்காரர்களைவிடக் குறைவாகவே அடிபட்டார்கள். அவர்களும் ஏழைதான், சாதாரணக் காலத்தில் இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் அவர்களுக்கு வருமானம் நெல்லாக வந்தது. விலை ஏறினால் நெல்லும் கூடவே ஏறும். கூலிக்காரருக்கு வருமானம் காசாக வந்தது. மொத்தத் தானியத்தை மொத்த வாயால் வகுக்கும் கணக்கில் இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது.

கல்கத்தா நகரவாசிகள் பெரும்பாலும் பிழைத்தார்கள். தெருவில் செத்தவர்கள் கிராமத்திலிருந்து நடந்து வந்தவர்கள். வீட்டு வாசலில் நின்று அவர்கள் சோறு கேட்கவில்லை, கேட்டால் கிடைக்காதென்று தெரியும், வடிகஞ்சி கேட்டார்கள். இத்தனைக்கும் அரசு கடைசிவரை 'பஞ்சம்' என்று முறைப்படி அறிவிக்கவே இல்லை. அறிவித்திருந்தால் 1880-களிலேயே எழுதிவைத்த பஞ்ச விதிகளின்படி நிவாரணம் கொடுத்தாக வேண்டும். 1943 ஆகஸ்டில் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ் தெருப் பிணங்களின் படங்களைப் போட்ட பிறகுதான் வெளியுலகுக்கு விஷயம் எட்டியது.

ஆக வங்காளத்தில் அரிசி கொஞ்சம் குறைந்தது, ஆனால் கொன்றது அந்தக் குறைவு மட்டும் இல்லை. ஒரு பக்கம் காசு பெருகியது, மறு பக்கம் படகும் வேலையும் போனது, நடுவில் மாற்று விகிதம் உடைந்தது.

வெள்ளம் வந்தது, அறுவடை இன்னும் வரவில்லை

1974 வங்கதேசம் இதைவிட விசித்திரம். தலைக்கு எவ்வளவு உணவு என்று பார்த்தால் 1971-லிருந்து 1975 வரையிலான ஐந்து வருஷத்தில் 1974-தான் உச்சம். அந்த வருஷம்தான் பஞ்சம்.

மழைக்காலத்தில் பிரம்மபுத்திரா கரை புரண்டது. நடவு மூழ்கியது. ஆனால் அந்த நடவின் அறுவடை நவம்பர், டிசம்பருக்குத்தான், அதாவது வெள்ளத்தால் விளைச்சல் குறைந்தாலும் அது வருஷக் கடைசியில்தான் சந்தையில் தெரியும். பஞ்சமோ அதற்கு முன்பே வந்து, கிட்டத்தட்ட அறுவடை நேரத்தில் முடிந்துபோனது. நடுவில் நடந்தது என்னவென்றால், நடவும் களையெடுப்பும் இல்லாததால் கூலி வேலை அன்றைக்கே நின்றது, விளைச்சல் போகப்போகிறது என்ற பேச்சிலேயே விலை ஏறியது. போதாக்குறைக்கு, கியூபாவுக்குச் சணல் விற்றதைக் காரணம் காட்டி அமெரிக்கா உணவு உதவியை நிறுத்தி வைத்தது. ரங்பூர், மைமன்சிங், சில்ஹெட் மாவட்டங்களில் அடி பலம். அரசு ஏறக்குறைய ஆறாயிரம் கஞ்சித்தொட்டிகளைத் திறந்தது, அதற்குள் நிறையப் பேர் போய்விட்டார்கள்.

இயற்கைச் சீற்றத்துக்கு இதில் பங்கு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. வெள்ளம் முதலில் அடித்தது வயலை, ஆனால் ஆளைக் கொன்றது வேலை நின்ற வழியாக.

பஞ்சம் வந்த ஊரிலிருந்து தானியம் வெளியே போகுமா?

போகும். 1973-இல் எத்தியோப்பியாவின் வொல்லோ மாகாணத்தில் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது அங்கிருந்து அடிஸ் அபாபாவுக்கும் அஸ்மாராவுக்கும் தானியம் போய்க்கொண்டிருந்தது. 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்திலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் கப்பலாக உணவு போனது. கேட்கிறவருக்கு ரத்தம் கொதிக்கும். ஆனால் சந்தை நகர்வது பசியைப் பார்த்து இல்லை, காசோடு வரும் கேட்பைப் பார்த்து. வாங்க ஆளில்லாத ஊரிலிருந்து வாங்க ஆளுள்ள ஊருக்குச் சரக்கு போவது சந்தையின் இயல்பான வேலை, அதற்குத் தனியாகச் சதி எதுவும் தேவையில்லை.

நம்மூரில் தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்வார்களே, 1876-78, அதிலும் இந்தக் கூறு உண்டு. மழை உண்மையிலேயே பொய்த்தது, விளைச்சல் உண்மையிலேயே போனது, அதை மறுக்க முடியாது. ஆனால் அதே காலத்தில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை ஏற்றுமதி ஆகிக்கொண்டிருந்தது. நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று பிரிட்டிஷ் அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் விதித்தார். ஒரு ராத்தல் 450 கிராம், அதை வைத்துக்கொண்டு நாள் முழுக்க மண் சுமக்க வேண்டும். சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது ஆளைக் கொல்லும் அளவு என்று சண்டை போட்டார். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்த் துண்டு அந்தப் பஞ்ச வேலையில் வெட்டியதுதான்.

அப்படியானால் தடுப்பது எப்படி?

காரணம் உரிமைப்பாடு என்றால் மருந்தும் அதிலேயே இருக்கிறது. தானியத்தைக் கொண்டுவந்து கொட்டினால் மட்டும் போதாது, வாங்கும் சக்தியைக் கொடுக்க வேண்டும். 1970-73-இல் மகாராஷ்டிரத்தில் தொடர் வறட்சி, கடைசி வருஷத்தில் தானிய விளைச்சல் ஏறக்குறைய பாதியானது. வகுத்தல் கணக்குப்படி பார்த்தால் வங்காளத்தைவிடப் பெரிய சாவு விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. 1973 மே மாதம் நிவாரண வேலைகளில் மட்டும் ஏறக்குறைய 50 லட்சம் பேர் கூலி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கையில் காசு வந்ததும் வெளி மாநிலத் தானியம் வியாபாரிகள் வழியாகவும் ரேஷன் வழியாகவும் தானாக உள்ளே வந்தது, வொல்லோவில் வெளியே போனதே, அதற்கு நேர் எதிராக. அங்கிருந்துதான் வேலை உறுதித் திட்டம் சட்டமானது, பிறகு 2005-இல் நாடு முழுமைக்குமான நூறு நாள் வேலைக்கும் அது முன்னோடியாயிற்று.

பட்டினியின் இரண்டாவது வாசலைப் பூட்டுவது ரேஷன் கடை. சந்தையில் என்ன விலை ஆனாலும் குறிப்பிட்ட கிலோ அரிசிக்கு மாற்று விகிதத்தை அரசு ஆணி அடித்து நிறுத்திவிடுகிறது. 1997-இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்காமல் எல்லோருக்கும் என்றே வைத்துக்கொண்டது. "வசதியானவனுக்கு எதற்கு ரேஷன்" என்ற வாதம் அப்போதிலிருந்து ஓயவில்லை. என் நிலைப்பாடு தெளிவு: 1943-இன் நாவிதர் 1942-இல் எந்த ஏழைப் பட்டியலிலும் முதலில் வந்திருக்க மாட்டார். யார் கைமுதல் எப்போது கவிழும் என்று முன்கூட்டியே பட்டியல் போட முடியாது.

இந்த விளக்கம் எட்டாத இடங்கள்

சென்னின் வங்காளக் கணக்கை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. 1942 பயிர்நோயின் சேதத்தை அவர் பயன்படுத்திய அரசுப் புள்ளிவிவரம் சரியாகப் பிடிக்கவில்லை, உண்மையான பற்றாக்குறை இன்னும் பெரியது என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. அந்த விவாதம் முடியவில்லை. முற்றுகையிட்டுப் பட்டினி போடும் இடங்களில், 1941-க்குப் பிந்தைய ரஷ்ய நகரம் லெனின்கிராட் போல, உணவே உள்ளே வராதபோது நுட்பமான உரிமைப்பாட்டு ஆராய்ச்சிக்கு அவ்வளவாக வேலையில்லை. விளைச்சல் குறைந்தால் பஞ்சம் வரவே வராது என்றும் சென் சொல்லவில்லை. விளைச்சல் குறைவும் யாரோ ஒருவரின் கைமுதல் வழியாகத்தான் பசியாக மாறுகிறது, அதனால் அந்த வழியைப் பார் என்கிறார், அவ்வளவுதான்.

எனக்கு இதைவிடப் பெரிய இடைவெளியாகப் படுவது வேறு. இதுவரை "குடும்பம்" என்றே பேசி வந்தோம், குடும்பத்துக்கு அரிசி வந்துவிட்டால் உள்ளே இருக்கும் எல்லோருக்கும் வந்துவிட்டது போல. யார் முதலில் சாப்பிடுகிறார், சட்டியின் அடியில் மிஞ்சுவது யாருக்கு என்பதைக் கூலியோ விலையோ தீர்மானிப்பதில்லை. சென்னும் இன்னொரு பொருளாதார அறிஞரான ஜான் திரேஸும் பிற்பாடு சேர்ந்து எழுதியபோது இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, சட்டம் பேசாத, வழக்கம் மட்டுமே தீர்மானிக்கும் இந்தப் பங்கீட்டையும் உரிமைப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். ரேஷன் அரிசி கார்டுக்கு வருகிறது, கூலி வேலைக்குப் போனவர் கைக்கு வருகிறது, இரண்டும் வீட்டு வாசலோடு நின்றுவிடும். 1950-களில் காமராசர் தொடங்கி 1982-இல் எம்.ஜி.ஆர் விரித்த பள்ளிச் சாப்பாடு மட்டும் அந்த வாசலுக்கு வராமலே நேராகப் பிள்ளையின் தட்டுக்குப் போகிறது. வீட்டில் கடைசியாகச் சாப்பிடும் அம்மாவுக்கு அப்படி ஒரு வழி இன்னும் பெரிதாக இல்லை. கர்ப்பமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் அங்கன்வாடியில் சத்துமாவு கிடைக்கும், அதுவும் வீட்டுக்கு எடுத்துப்போகும் பொட்டலமாக.